ஆறு இலக்க எண்

மார்ச் 3

என் டெய்லரம்மா அக்காவுக்கு,

கையால் எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். இதைப் படிக்கக் கண்ணாடி போதாது, கத்தரிக்கோல் வேண்டும்; எந்த வார்த்தையை எங்கே வெட்டுவது என்று எனக்கே தெரியவில்லை.

போனில் என் பெயரில் எது வந்தாலும் நம்ப மாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னாயாம். நியாயம்தான். இணையத்தில் இருந்த உன் தையல் பக்கத்தைத் திருடன் பிடுங்கி நான்கு நாள் ஆகிறது. "பக்கம் வந்துச்சாடி?" என்று பஸ்ஸைக் கேட்பதுபோல் அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அப்பா பயந்துபோய் எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றி, காலண்டருக்குப் பின்னால் எழுதி, அந்தக் காலண்டரை வாசலில் மாட்டியிருக்கிறார்.

சிரி அக்கா. கொஞ்சமாவது.

உன் அருமைத் தங்கை (எருமை என்று நீ திருத்துவாய்),
வாலு

மார்ச் 8

வாலுக்கு,

சிரிப்பு வரவில்லை. ஏழு வருடமாகத் தைத்த ஒவ்வொரு கவுனின் படமும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. இப்போது என் முகத்தை வைத்துக்கொண்டு எவனோ "பாதி விலை, முன்பணம் அனுப்புங்கள்" என்று கூவுகிறான். நேற்று ஒரு நர்ஸ் கடைக்கே வந்துவிட்டார். மகளின் பிறந்தநாள் கவுனுக்குப் பணம் அனுப்பினாராம். "நீங்கதானே கேட்டீங்க? உங்க படம்தானே அது?" என்றார். இலவசமாகத் தைத்துத் தருகிறேன் என்றேன். வாங்கிக்கொள்ள அவருக்கும் கூச்சம், கொடுக்க எனக்கும் அவமானம்.

நான் ஏமாந்த கதை உனக்குத் தெரியும். மாதம் ஒருமுறை நீ போன் செய்தியில் அதிகாரி வேஷம் போட்டு, "கணக்கு முடங்கும், ஆறு இலக்க எண்ணை அனுப்பவும்" என்பாய். நான் 123456 என்பேன். "கைது செய்கிறோம்" என்பாய். அன்றும் அதே செய்தி உன் கணக்கிலிருந்துதான் வந்தது. கூடவே என் போனுக்கு நிஜமாகவே ஓர் எண் வந்தது. இந்தத் தடவை வேஷம் பலமாக இருக்கிறதே என்று, அதையே அனுப்பிவிட்டேன்.

ஒன்றே ஒன்று சொல். உன் கணக்கு பறிபோனது உனக்கு எப்போது தெரியும்?

அக்கா

மார்ச் 13

அக்கா,

மூன்று தாள் கிழித்துவிட்டேன். இது நான்காவது.

உன் பக்கம் பறிபோவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே தெரியும். "இந்த வீடியோவில் இருப்பது நீயா?" என்று தோழி பெயரில் ஒரு லிங்க் வந்தது. தொட்டேன். பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தேன். சாயங்காலம் என் கணக்குக்குள் என்னாலேயே போக முடியவில்லை.

எல்லோரையும் ஏமாற்றுகிற நானே ஏமாந்தேன் என்றால் வகுப்பே சிரிக்கும். நீயும் சிரிப்பாய். தானாகச் சரியாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். "அக்கா, என் கணக்கு போச்சு, அதுல எது வந்தாலும் நம்பாதே." எட்டே வார்த்தை. அம்மா போன் பக்கத்திலேயே இருந்தது.

லீவுக்கு வந்து பட்டன் தைக்கட்டுமா? வாயையும் தைத்துக்கொண்டே வருகிறேன்.

வாலு

ஏப்ரல் 2

வாலுக்கு,

பக்கம் திரும்பி வந்துவிட்டது. நான்தான் என்று காட்ட, முகத்தை இடமும் வலமும் திருப்பி வீடியோ அனுப்பு என்றார்கள் அந்தக் கம்பெனிக்காரர்கள், மூன்று தடவை. படங்களில் பாதியை அவன் அழித்துவிட்டான். புதுப் பாஸ்வேர்டு போட்டேன். உள்ளே வர இன்னொரு எண்ணும் கேட்கும்படி செய்தேன். அந்த எண் இனி யாருக்கும் கிடையாது, விளையாட்டுக்குக்கூட.

என் கணக்கு எந்தெந்தப் போனில் திறந்திருக்கிறது என்று ஒரு பட்டியல் காட்டியது. அதில் உன் பழைய போனும் இருந்தது. எப்போது நுழைந்தாய் என்று கேட்கவில்லை. எல்லாவற்றையும் வெளியேற்றினேன், அதையும் சேர்த்து.

அவசரத்துக்கு நம்பிக்கையான ஒருவரின் போன் எண்ணைக் கேட்டது. முன்பு உன் எண் இருந்தது. இப்போது எதிர்க்கடைக்காரருடையது.

நீ ஏமாந்ததைச் சொல்லியிருந்தால் சிரித்துத்தான் இருப்பேன், ஐந்து நிமிஷம். அப்புறம் இரண்டு பேர் கணக்கையும் பூட்டியிருப்பேன்.

லீவுக்கு வா. பட்டன் நிறைய இருக்கிறது. வாயைத் தைக்க வேண்டாம். என் போன் மேசைமேல் கிடந்தால் மட்டும், கேட்டுவிட்டு எடு.

அக்கா