பெரட்டில் இல்லாத பேர்

8 செப்டம்பர் 2025
மழை. எழுத்துத் தெரியாதவன் இந்தப் பெரியமுத்து. போனில் மைக் படத்தை அமுக்கிப் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. தேதியும் அதுவே.

வாசகசாலைக்குப் போனேன். தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்த கிழடுகள் சொன்னதையெல்லாம் அங்கே இருக்கிற பொண்ணு நிமி கம்ப்யூட்டரில் தட்டி வைத்திருக்கிறாள். ஒரு பேரைக் கேட்டால் அந்தப் பேர் வருகிற பேச்செல்லாம் வந்து நிற்கும். சர்வர் என்கிறாள்.

"சர்வர்னா டீயில்ல கொண்டாரணும்?"

"இது ஆளைக் கொண்டாரும் தாத்தா."

மாரித்தாய் பேச்சும் அதில் இருக்கிறது. போன தையில் இரண்டு நாள் சொன்னாள். குரலைப் பிடிக்க விடவில்லை. "எங் கொரலு மிஷினுக்கு எதுக்கு? நீ தட்டு தாயி." கட்டின புருசன் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டாள். ஜீப் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். ஆனியில் அவளே போய்ச் சேர்ந்துவிட்டாள். வாசிக்கட்டுமா என்று நிமி இரண்டு தடவை கேட்டாள். வருசம் திரும்பட்டும் என்றேன்.

10 செப்டம்பர்
பேர் ஜோடி சொல்லி முடித்தேன். காலையில் கங்காணி ஆள் கூப்பிடுகிற பெரட்டில் ஒரு பேர், வீட்டில் ஒரு பேர். செபமாலையம்மாள் பெரட்டில் வெறும் 'மாலை'. இரண்டும் ஒரே ஆள் என்று சர்வருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். முன்னூற்றுப் பதினொன்று. ஒன்றும் விடவில்லை.

"இந்தப் பட்டியல், செட்டிங் எல்லாம் தனியா இருக்கணும் தாத்தா. நீங்கள்லாம் பேசுனது தனியா. இப்ப ஒரே ஃபோல்டர்ல கெடக்கு."

தராசும் கொழுந்தும் மாதிரி. தராசு ஸ்டோரில் இருக்கும், கொழுந்து லாரி ஏறும். பட்டியலையும் செட்டிங்கையும் இன்றே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டாள். பேச்சை வெள்ளிக்கிழமை மாற்றுவாளாம்.

11 செப்டம்பர்
நிமி எலப்புள்ளி போயிருக்கிறாள். அக்காவுக்கு வளைகாப்பு.

12 செப்டம்பர்
போயிருச்சு.

கம்ப்யூட்டர் பார்க்கிற ஜெகன் நேற்று புது சர்வர் ஏற்றியிருக்கிறான். நிமி எல்லாம் பிரித்துவிட்டாள் என்று நினைத்துப் பழைய ஃபோல்டரை அழித்துவிட்டான். பாதிதான் பிரித்திருந்தது. காப்பி எடுத்து வைத்ததும் அந்த ஃபோல்டருக்குள்ளேயேதான்.

நிமி வந்து 'மாரித்தாய்' என்று தட்டினாள். பூஜ்யம்.

ஜெகன் அழுதான். அவன ஏச வாய் வரல. நாந்தானே வருசம் திரும்பட்டும்னேன். எதுக்கு அப்படிச் சொன்னேன்? என்னப் பத்தி என்ன சொல்லியிருப்பாளோன்னு பயமா?

13 செப்டம்பர்
எழுபத்தொண்ணுல எந்தக் காட்டுல யார் யாரு கவாத்து வெட்டுனோம்னு இப்பவும் சொல்லுவேன். அவ ரெண்டு நாள் பேசுனதுல ஒரு சொல்லு தெரியாது.

16 செப்டம்பர்
நிமியிடம் கேட்டேன். நூற்று நாற்பது பேர் பேச்சைத் தட்டியவள். எல்லாம் கலந்துபோச்சு என்றாள். "பாட்டி நெறயச் சிரிச்சாங்க தாத்தா. ஒரு எடத்துல மட்டும் போதும் நிறுத்துன்னாங்க."

எந்த இடம்?

அவளுக்கு ஞாபகம் இல்லை.

18 செப்டம்பர்
பட்டியல் மட்டும் தனியாக இருந்ததால் தப்பியது. சரிபார்க்க வாசித்தாள். நான் தலையாட்டிக்கொண்டே வந்தேன்.

"உங்களுது முன்னூத்திப் பதினொண்ணும் சரி. ஆனா இதுல முன்னூத்திப் பன்னெண்டு காட்டுதே?"

மேலே தள்ளிப் பார்த்தாள். முதல் வரி. தையில் ஏறியது. மாரித்தாய் சொன்னது.

"பெரியமுத்து வீட்டு மூத்தது - முருகேஸ்வரி."

எழுபத்தெட்டு, ஐப்பசி. எங்க மொதப் புள்ள, ரெண்டு நாள் இருந்துச்சு. ஒம்பதாம் நம்பர் காட்டு ஓரத்துல நாந்தான் பொதைச்சேன். பேரு வைக்கு முன்னால போயிருச்சுன்னு நாப்பத்தேழு வருசமா நெனச்சிட்டிருந்தேன். அவ வச்சிருக்கா. எங்கிட்ட சொல்லல. நான் கேக்கவுமில்ல.

20 செப்டம்பர்
காலி சர்வரில் முதலில் ஏறியது என் பேச்சு. முருகேஸ்வரிக்குத் தலை நிறைய முடி. இடது காலை மடக்கியே வைத்திருந்தாள். மாரித்தாயின் கம்பளியைச் சுற்றித்தான் குழிக்குள் வைத்தேன். கம்பளி எங்கே என்று அவள் தேடினபோது தொலைந்தது என்றேன். அதையும் சொன்னேன்.

நிமி 'முருகேஸ்வரி' என்று தட்டினாள். ஒன்று வந்தது.

"மாரித்தாய்னு தட்டு தாயி."

அதற்கும் ஒன்று.