இரண்டு பேர் உட்காரும் வண்டி

சிங்கப்பூர்
6.1.1974

அன்புள்ள கமருன்னிஸாவுக்கு, உன் மச்சான் லியாகத் அலி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் நான் சுகம். உம்மாவின் முட்டிவலிக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், ஆள் போகும்போது கொடுத்து விடுகிறேன். ஜன்னத்துக்கு இருமல் நின்றதா?

ஊருக்குப் போய்விட்டுப் போன வாரம் திரும்பிய அப்துல் ஹமீது ஒரு சேதி கொண்டு வந்தான். கீழ்வேளூர் சின்னப்பண்ணை பஞ்சநதம் காலமாகிவிட்டாராம். அவருடைய எம்.ஜி. காரை, அந்த இங்கிலீஷ் வண்டியை, அவர் வீட்டம்மாள் விற்கப் போகிறார்களாம். இரண்டு நாளாக எனக்குத் தூக்கமில்லை கமரு.

எனக்கு அப்போது பதினேழு வயது, சைக்கிள் கடையில் வேலை. கீழ்வேளூர் ரோட்டில் அந்தச் சிவப்புக் கார் நின்றுபோயிற்று. பெட்ரோல் குழாயில் தூசி. வாயால் ஊதிச் சரிசெய்தேன். பஞ்சநதம் "ஏறுடா" என்றார். கூரையை மடக்கிவிட்டு நாகூர் கடற்கரை வரை கூட்டிப்போனார். வழியில் என் தொப்பி பறந்துவிட்டது. மிராசுதார் வண்டியை நிறுத்தி, தானே நடந்துபோய் எடுத்து வந்து தூசி தட்டிக் கொடுத்தார். இங்கே துரைமார்களுடைய எம்.ஜி. வண்டிகளைப் பிரித்துப் பூட்டிப் பதினோரு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு வண்டியிலும் அந்த ஒரு நாளைத்தான் தேடியிருக்கிறேன்.

நீ போய்ப் பார்க்க வேண்டும். உன் தம்பி நெய்னா முகம்மதைத் துணைக்குக் கூட்டிப் போ. அவனுக்கு ஜவுளியைத் தவிர ஒன்றும் தெரியாது, அதனால் பார்ப்பது நீயாக இரு. நீ பஸ் முதலாளி மகள். பெயிண்ட் பளபளப்பில் மயங்காதே. ஜன்னத்துக்கு நான் அனுப்பிய காந்தத்தை எடுத்துப் போய் மட்கார்டு, கதவு, அடிப்பக்கமெல்லாம் ஒட்டிப் பார். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டி பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆர்.சி. புக்கிலுள்ள எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் அடித்திருப்பதும் ஒன்றுதானா என்று பார். எஞ்சின் ஆயில் பால்காப்பி மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, அதோடு திரும்பி வந்துவிடு. சக்கரத்தில் சைக்கிள் போலக் கம்பிகள் இருக்கும். ஒவ்வொன்றையும் ஸ்பானரால் தட்டு. நல்ல கம்பி கணீரென்னும், தளர்ந்தது சத்தமே போடாது.

பதிலை உடனே எழுது.

உன் பிரியமுள்ள
லியாகத் அலி


நாகப்பட்டினம்
19.1.1974

அன்புள்ள மச்சானுக்கு, கமருன்னிஸா எழுதிக்கொண்டது. அலைக்கும் ஸலாம். ஜன்னத்துக்கு இருமல் நின்று பத்து நாளாகிறது. மாமி தைலத்தைவிட மகனைக் கேட்கிறார்கள்.

போய்ப் பார்த்தேன். கீழ்வேளூரில் பஸ்ஸை விட்டிறங்கி வரப்பு வழியாக நடந்தோம். வழியெல்லாம் வயலில் செங்கொடி நட்டிருக்கிறார்கள். கூலித் தகராறில் பாதி வயல் அறுக்காமல் கதிர் சாய்ந்து கிடக்கிறது. புளியமரத்தடியில் போலீஸ் வேன். தம்பி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அக்கா, மச்சானுக்கு வேற நேரமே கெடக்கலியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

அந்த வீட்டம்மாள் பெயர் ரெங்கம்மாள். ஐம்பது வயதிருக்கும். தனியாக இருக்கிறார்கள். உச்சவரம்புச் சட்டத்தில் பாதி நிலம் போகிறது, மீதி கேஸில் இருக்கிறது. மகள் வீட்டோடு கும்பகோணம் போகப் போகிறார்களாம். கார் வைக்கோல் கொட்டகையில் நிற்கிறது. ஒரு சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அதை எழுப்ப ரெங்கம்மாள் விடவில்லை. அதனால் அந்தப் பக்கம் மட்டும் நான் சரியாகப் பார்க்கவில்லை.

நம்பர் இரண்டும் ஒத்திருக்கின்றன. ஆயில் கறுப்பு, ஆனால் தண்ணீர் கலக்கவில்லை. காந்தம் இடது மட்கார்டின் அடியில் ஓரிடத்தில் ஒட்டவில்லை. கம்பிகளை எல்லாம் தட்டினேன், பின்சக்கரத்தில் மட்டும் சில ஊமையாக இருக்கின்றன. ரேடியேட்டரில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினோம், தரையில் ஒரு சொட்டு விழவில்லை.

இன்னொன்று. நீங்கள் சிவப்பு என்று எழுதியிருந்தீர்கள். வண்டி பச்சை. பிறகு அடித்த பெயிண்டோ என்று ஓரத்தில் சுரண்டிப் பார்த்தேன், அடியிலும் பச்சைதான். ரெங்கம்மாளும், "வந்த நாள்லேருந்து பச்சைதாம்மா" என்கிறார்கள்.

மார்ச்சில் உங்கள் வேலை ஒப்பந்தம் முடிகிறதே, ஊருக்கு எந்தக் கப்பல் என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
கமருன்னிஸா


சிங்கப்பூர்
30.1.1974

என் அன்பான கமரு,

உன் கடிதத்தை ஒர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். எங்கள் போர்மன் சீனர். "இந்த ஆளை இங்கே அனுப்பு, வேலை தருகிறேன்" என்றார். எழுதியது என் மனைவி என்று சொன்னேன், நம்பவில்லை.

பச்சையா? சீட்டு சிவப்பாக இருந்திருக்குமோ என்னவோ. எனக்குச் சிவப்பாகத்தான் நினைவிருக்கிறது.

இனிதான் முக்கியமான விஷயம். அந்த வண்டிக்கு மேல்தோல் தகரம், எலும்பெல்லாம் மரம். கதவுத் தூண், தரை ஓரம், சீட்டுக்குப் பின்பக்கம் எல்லாம் மரச்சட்டம். அது போயிருந்தால் எஞ்சின் தங்கமாக இருந்தும் பிரயோஜனமில்லை. கதவைப் பாதி திறந்து கீழிருந்து தூக்கிப் பார். கதவோடு தூணும் அசைந்தால் மரம் உளுத்துவிட்டது. கம்பளத்தை விலக்கிவிட்டுக் கோணி ஊசியால் குத்து. நல்ல மரத்தில் முனைகூட இறங்காது. கோழியை எழுப்பியாவது அந்தப் பக்கத்தையும் பார்.

கப்பல் கேட்டிருந்தாய். கோபப்படாமல் படி. இங்கே இன்னொரு மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம் நீட்டுவதாகச் சொல்கிறார்கள். கையெழுத்துப் போட்டால் காரையும் வாங்கலாம், கையிலுள்ளதும் கரையாது. பிறகு ஒரேயடியாக வந்துவிடுவேன். உன்னை உட்கார வைத்து அந்தக் கடற்கரை ரோட்டில் போக வேண்டும். ஊர் பார்க்க வேண்டும்.

உன்
லியாகத்


நாகப்பட்டினம்
12.2.1974

அன்புள்ள மச்சானுக்கு,

கோழி குஞ்சு பொரித்து இறங்கிவிட்டது. அந்தப் பக்கத்தையும் பார்த்துவிட்டேன்.

கதவைத் தூக்கினேன், தூணும் சேர்ந்து வந்தது. ஊசியால் குத்தினேன். காது வரை இறங்கியது. இழுத்தால் மாவாகக் கொட்டுகிறது. இடப்பக்கம் முழுக்கக் கரையான், வலப்பக்கம் பரவாயில்லை. பொய் சொல்வதானால் எல்லாம் போய்விட்டது என்றோ, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றோ எழுதியிருக்கலாம். எனக்கு இரண்டுமே வரவில்லை.

ரெங்கம்மாளிடமும் மறைக்காமல் சொன்னேன். அவர்கள் வருத்தப்படவில்லை. "ஏறி உக்காரும்மா, கால் வலிக்கப் போவுது" என்றார்கள். நான் ஓட்டுகிற சீட்டிலும் அவர்கள் பக்கத்திலுமாக வைக்கோலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் சொன்னார்கள்: "இருபத்தஞ்சு வருஷமா இந்த வண்டி என் வாசல்ல நின்னுச்சு. இன்னிக்கித்தான் இதுல உக்காருறேன். ரெண்டு பேரு உக்கார்ற வண்டி. எங்க வீட்டுக்காரவுங்க பக்கத்துல எப்பவும் யாராவது ஒரு சிநேகிதர் இருந்தாங்க."

அப்போது நெல் மூட்டையோடு வைரக்கண்ணு என்பவர் வந்தார். அந்தப் பண்ணையில் வேலை செய்தவர், இப்போது செங்கொடிச் சங்கத்தில் பெரிய ஆள். ரெங்கம்மாளுக்கு எதிராகக் கேஸ் நடத்துகிறவர்களில் அவரும் ஒருவர். ஆனாலும் வந்து, "அம்மா, மூட்டை எங்க அடுக்க?" என்றுதான் கேட்கிறார். நான் காரைப் பற்றிக் கேட்டேன். "நல்ல வண்டிதாங்க. ஹார்ன் சத்தம் கேட்டா நாங்க வாய்க்கால்ல எறங்கி நிக்கணும். தலையில கதிர்க்கட்டு இருந்தா கட்டோட எறங்கணும். அது போனப்பறந்தான் ஏறணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்ததைச் சொல்வது போலச் சொன்னார்.

மச்சான், மூன்று வருஷம் என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள். மார்ச்சில் அத்தா வருகிறார்கள் என்று ஜன்னத் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். மூன்று வருஷம் கழித்து அவளுக்குப் பதின்மூன்று வயது. நம் வீட்டில் நாம் மூன்று பேர், மாமியோடு நான்கு. இந்த வண்டியில் நாம் யாரை விட்டுவிட்டு ஏறுவது?

கமருன்னிஸா


சிங்கப்பூர்
22.2.1974

கமரு,

வைரக்கண்ணு சொன்னது நிஜம்தான். அன்றைக்கும் ரோட்டோரம் ஆட்கள் இறங்கி நின்றார்கள். மரியாதைக்கு நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் கையசைத்தேன். நீ எழுதிய பிறகு அது ஒரு மாதிரியாக இருக்கிறது.

ஆனாலும் அந்த வண்டி வேண்டும். எனக்கு விளக்கிச் சொல்லத் தெரியவில்லை. மரத்தை நான் வந்து என் கையாலேயே மாற்றிக்கொள்வேன். முன்பணத்துக்கு டிராப்ட் அனுப்பியிருக்கிறேன். ரெங்கம்மாளிடம் கொடுத்து, கொட்டகையைப் பூட்டி வைக்கச் சொல். மண்ணெண்ணெய் தெளித்தால் கரையான் மேலே ஏறாது. மார்ச் கடைசியில் இங்கே கையெழுத்துப் போடுகிறேன். ஜன்னத்துக்கு நானே தனியாக ஒரு கடிதம் எழுதிப் புரிய வைக்கிறேன்.

லியாகத் அலி


நாகப்பட்டினம்
8.3.1974

அன்புள்ள மச்சானுக்கு, கமருன்னிஸாவின் ஸலாம்.

கார் போய்விட்டது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு மில் வீட்டுப் பிள்ளை லாரியோடு வந்தார். "நீங்க ஒரு வார்த்த சொன்னா இவர அனுப்பிச்சிடுறேன்" என்று ரெங்கம்மாள் எனக்கு ஆள் விட்டார்கள். நான் போனேன். உங்கள் டிராப்ட் என் பெட்டியில்தான் இருந்தது. கொடுக்கவில்லை. "அவருக்கே கொடுத்துடுங்க" என்று சொன்னேன். கரையானையும் காட்டிக் கொடுத்தேன். அவரிடம் தச்சர் இருக்கிறாராம். கவலைப்படவில்லை.

உங்களைக் கேட்காமல் செய்தேன். கேட்டிருந்தால் என்ன எழுதுவீர்கள் என்று தெரியும்.

மீதியையும் எழுதிவிடுகிறேன். லாரியால் வாய்க்கால் பாலத்தைத் தாண்டி வர முடியவில்லை. காரை ரோடு வரை கொண்டுபோக வேண்டும். வந்த டிரைவருக்கு இந்த மாதிரி வண்டி பழக்கமில்லை, கியரைத் தொட்டாலே கறகறவென்று சத்தம். புது பேட்டரி மாட்டியும் கிளம்பவில்லை. கூலிப் பேச்சு அந்த வாரம்தான் முடிந்திருந்தது, வைரக்கண்ணுவும் நாலு பேரும் தள்ளுவதற்கு வந்திருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. டிரைவரிடம், "நீங்க எறங்குங்க, நான் ஏறுறேன்" என்றேன். தம்பி, "அக்கா, மாமிக்குத் தெரிஞ்சா!" என்று கத்தினான். வண்டிக்கு முன்னால் கைப்பிடியைச் செருகி, வைரக்கண்ணுவைச் சுற்றச் சொன்னேன். கட்டைவிரலை மடக்கிப் பிடிக்கக் கூடாது, எஞ்சின் திருப்பி உதைத்தால் விரல் போய்விடும் என்று காட்டிக் கொடுத்தேன். அவர் நாலாவது சுற்றில் கிளப்பிவிட்டார். வெள்ளைப் புகை வந்து பிறகு தெளிந்தது. கொட்டகையிலிருந்த புறாவெல்லாம் பறந்துவிட்டது.

பக்கத்தில் ரெங்கம்மாள் ஏறிக்கொண்டார்கள். களத்தைச் சுற்றி, வாய்க்கால் கரையோடு, மெயின் ரோடு வரை ஓட்டினேன். எதிரே கதிர்க்கட்டோடு பெண்கள் வந்தார்கள். நான் நிறுத்திவிட்டேன். அவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒருத்தி மட்டும் ரெங்கம்மாளைப் பார்த்துச் சிரித்தாள், அவர்களும் சிரித்தார்கள். மறுபடி ஓட்டியபோது முக்காடு விழுந்து காற்று காதுக்குள் போனது. நான் உங்களை நினைத்துக்கொண்டே ஓட்டினேன் என்று எழுதினால் பொய். சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான். லாரியில் ஏற்றிக் கயிறு கட்டும்போதுதான் உங்கள் நினைவு வந்தது. அழுதுவிட்டேன். ரெங்கம்மாள் காருக்காக அழுகிறேன் என்று நினைத்துத் தேற்றினார்கள்.

மச்சான், அந்த ஒரு நாள் உங்களுக்கு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் எங்களுக்கும் நாட்கள் போகின்றன. வருவதானால் வாருங்கள். வராவிட்டால், அதற்கு ஒரு காரைக் காரணம் சொல்லாதீர்கள்.

கமருன்னிஸா


சிங்கப்பூர்
29.3.1974

அன்புள்ள கமருவுக்கு,

உன் கடிதம் வந்து பல நாளாகிறது. முதலில் கோபம் வந்தது. கடிதத்தை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். ஒரு ஸ்பானரைத் தூக்கி எறிந்து போர்மனிடம் திட்டு வாங்கினேன்.

பிறகு ஒருநாள் சாப்பிடும்போது அப்துல் ஹமீதுக்கு அதைப் படித்துக் காட்டினேன். அவன் கேட்டது ஒன்றுதான்: "தங்கச்சி எப்ப மச்சான் கார் ஓட்டக் கத்துக்கிச்சு?" உன் வாப்பா கற்றுக்கொடுத்தாரா? பஸ் ஷெட்டிலா? எத்தனை வயதில்? கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் நீ சொல்லவில்லையா, நான் கேட்கவில்லையா? நான் ஊரில் இருந்த மாதங்களை எண்ணிப் பார்க்க ஆரம்பித்து, பாதியிலேயே விட்டுவிட்டேன். சாதத்தில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஹமீது எழுந்துபோய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

நான் கையெழுத்துப் போடவில்லை. நேற்று போர்மனிடம் சொல்லிவிட்டேன். ஊருக்கு வந்து என்ன செய்வது என்று இன்னும் தெரியாது. வெளிப்பாளையத்தில் ஒரு ஒர்க்‌ஷாப் போடலாம். டிராக்டரெல்லாம் வந்திருக்கிறதாமே, அதையும் பழகிக்கொள்கிறேன். தடுமாற்றமாகத்தான் இருக்கும். உனக்கும் சிரமம். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரல் பதினெட்டாம் தேதி கப்பல் நாகப்பட்டினம் வருகிறது. உம்மாவிடம் நீயே சொல். ஜன்னத்துக்கு எழுதுவதாகச் சொன்ன கடிதத்தை எழுதவில்லை, எழுதாததும் நல்லதாயிற்று.

கப்பல் கடலிலேயே நின்றுவிடும். படகில் இறங்கி, சுங்கம் முடிந்து நான் வெளியே வர மத்தியானமாகிவிடும். பிள்ளையை வெயிலில் நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருக்காதே, நானே வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

இல்லை. வந்து நில்லுங்கள். இரண்டு பேரும்.

உன்
லியாகத் அலி