பதினோரு இடங்கள்

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

நலம். வார்டு மின்விசிறியை நான்தான் பழுதுபார்த்தேன். "வயர்மேன் சார், நீங்க இங்க வந்தது எங்க அதிர்ஷ்டம்" என்கிறார் நர்ஸ். அதிர்ஷ்டத்தைப் பார்!

உன் சட்ட வரைவு அலுவலகம் மனநல மசோதாவுக்குக் கருத்து கேட்டிருந்தது. நானும் மனு அனுப்பிவிட்டேன். மசோதாவில் 'சித்தசுவாதீனமற்றவர்' என்ற சொல் பதினோரு இடத்தில் இருக்கிறது. காய்ச்சல்காரனை எந்தச் சட்டமாவது 'உடம்பு கெட்டவன்' என்கிறதா? 'மனநல சிகிச்சை பெறுபவர்' என்று எழுதச் சொன்னேன். பெயர், வார்டு எல்லாம் போட்டிருக்கிறேன். முகத்தை மூடிக்கொண்டு மரியாதை கேட்க முடியாது.

உன் தம்பி

மார்ச் 9

வாலுக் கண்ணா,

உன் மனு என் மேசைக்கே வந்துவிட்டது. மனுக்களைக் குழுவின் முன் வாசிப்பது என் வேலை. சொந்தக்காரர் மனு என்றால் அதைச் சொல்லிவிட்டு விலக வேண்டும். ஆனால் நீ வெளிநாட்டில் இருப்பதாக ஆறு வருடமாகச் சொல்லி வைத்திருக்கிறேன். என் மகளுக்கும் இப்போதுதான் ஒரு வரன் கூடி வருகிறது. பெயரை மட்டும் எடுத்துவிடச் சொல்லி ஒரு வரி எழுது, ராசா.

அக்கா

மார்ச் 13

அக்கா,

வெளிநாட்டில் எனக்கு என்ன வேலை? பெரிய வேலையாகவே சொல்லியிருப்பாய்! சிரித்தேன். அப்புறம் சோறு இறங்கவில்லை.

சட்டம் என்னைக் கேவலமாகவாவது சொல்கிறது. நீ சொல்லவே இல்லையே.

பெயரை எடுக்க மாட்டேன். நீ கிழித்துப்போட்டால் கோபமில்லை. மருமகள் நன்றாக இருக்கட்டும்.

தம்பி

மார்ச் 21

தம்பி,

இன்று குழு கூடியது. "இது என் தம்பி எழுதுனது. அவன் வெளிநாட்டுல இல்ல, ஆஸ்பத்திரியில இருக்கான். நான் சொன்னது பொய்" என்று சொல்லி எழுந்துவிட்டேன். கதவைத் திறந்துவிட்ட பியூன் அண்ணன் மட்டும், "இப்ப எப்படி இருக்காரும்மா?" என்றார். அழுதுவிட்டேன்.

வேறொருவர் வாசித்தார். முடிவு அடுத்த மாதம்தான்.

மாப்பிள்ளை வீட்டுக்கு உன் மருமகளே போன் செய்து சொல்லிவிட்டாள். பதில் இல்லை. "வேணாம்னா போகட்டும்மா. மாமாவ எப்பப் பாக்கலாம்?" என்கிறாள். ஞாயிறு இரண்டு பேரும் வருகிறோம்.

ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் ஆஸ்பத்திரி வாசலில் பார்க்க வருபவர்கள் எழுதும் நோட்டில், உறவு என்ற கட்டத்தில், இத்தனை வருடமும் 'தெரிந்தவர்' என்றே எழுதினேன். ஞாயிறு சரியாக எழுதுகிறேன்.

உன் அக்கா