சம்மாட்டியைத் திறந்துவிடும் நாள்

முல்லைத்தீவு
17.03.2024

அன்புள்ள அண்ணா,

இல்லை, சம்மாட்டி இன்னும் கடிக்கிறது. கையில் துணி சுற்றிப் பார்த்தேன், துணி கிழிந்தது. அகப்பைக் காம்பை நீட்டிப் பார்த்தேன், காம்பு பிளந்தது.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்துவிட்டது. அதற்கும் உங்களைச் சிறையிலிருந்து விடமாட்டார்கள் என்று சட்டத்தரணி முதலே சொல்லியிருந்தார். வந்த சனம் சாப்பிட்டுப் போனது. இப்போது வீட்டில் நானும் சம்மாட்டியும். அம்மாவின் கையைத் தவிர வேறு கை அதற்குத் தெரியாது. குசினி வாசலில் தொங்கும் கூட்டுக்குள் இருந்து, வாடகைக்கு வந்தவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்க்கிறது. மூன்று நாளாக நெல்லைத் தொடவில்லை.

அடுத்த வீட்டுத் தனுஷாக்கா வேலிக்கு மேலால் சொல்கிறா: "உது கிளியில்லையடி, பொலிஸ். ஆருக்கும் குடுத்திட்டு நிம்மதியா இரு."

கொடுக்கலாம். ஆனால் நீங்கள் குஞ்சிலே பிடித்து வளர்த்தது. யுத்தம் முடிந்து உங்களைக் கொண்டுபோனபோது எனக்கு எட்டு வயது. அதன் பிறகு கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று அம்மாவோடு கதைக்கும் ஒருவர். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

என் பல்கலைக்கழகப் பட்டம் அலுமாரிக்குள். நான் நண்டுக் கம்பனியில் நண்டு உடைக்கிறேன். பகல் முழுவதும் அது தனிய.

அதை எப்படித் தொடுவது?

யூலியானா


09.04.2024

என் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை மொழிபெயர்த்து வாசித்து முடித்து என்னிடம் தரச் சிறைக்காரர்களுக்குப் பதினெட்டு நாள்.

கையை முன்னால் கொண்டுபோகாதே. இது உனக்குத் தெரியாது. உன்னைச் சின்னம்மாவோடு வவுனியாவுக்கு அனுப்பிய பிறகு நடந்தது. அப்பாவைப் புதைத்த மறுநாள். பங்கருக்குள் பதினொரு பேர். சம்மாட்டி அப்போது நன்றாகப் பேசும். "சம்மாட்டியார் வாறார், வழி விடுங்கோ" என்று கத்தும். மேலே சுற்றும் வேவு விமானத்துக்கு அது கேட்டுவிடும் என்று சனம் பயந்தது. கேட்காது. எனக்குத் தெரியும். ஆனாலும் அம்மாவின் சேலைக் கரையைக் கிழித்து அதன் சொண்டைக் கட்டினேன். ஒரு பகல் முழுக்க. பின்னேரம் தண்ணீர் கொடுக்க அவிழ்த்தேன். என் விரல் நுனி போனது. அதன் பிறகு அது ஒரு சொல்லும் பேசவில்லை.

வலது செட்டை ஒடிந்தது, கடைசியில் சனத்தோடு சனமாக நடந்து வரும்போது. கூடு நசிந்துவிட்டது. அம்மா அதை மடியில் கட்டிக்கொண்டு நடந்தா.

விரல்களை மடக்கி, மணிக்கட்டைக் கீழே இருந்து கொடு. நெஞ்சில் முட்டட்டும். பிறகு ஒன்றும் செய்யாதே. செத்தல் மிளகாய் விருப்பம். அவசரப்படாதே.

அண்ணா
ஸ்ரீபன்


முல்லைத்தீவு
30.06.2024

அன்புள்ள அண்ணா,

ஏறிவிட்டது.

இரண்டு மாதம் மணிக்கட்டை நீட்டிக்கொண்டு நின்றேன். தழும்பு பதினான்கு. போன ஞாயிறு ஒரு காலை வைத்தது, எடுத்தது, பிறகு இரண்டையும் வைத்தது. இவ்வளவு பாரமில்லாத ஒன்றுக்கா இவ்வளவு பயந்தேன்? இப்போது தோளில் இருந்துகொண்டு பேனையைக் கொத்துகிறது. எழுத்துக் கோணினால் குறை நினைக்க வேண்டாம்.

கம்பனியில் என்னோடு வேலை செய்யும் கனகராயன்குளத்துப் பெண் பாலைப்பழம் கொண்டுவந்து தந்தாள். எட்டைத் தின்றுவிட்டுக் கொட்டையை என் முகத்தில் துப்பியது. அதே கம்பனியில் வேலை செய்யும் தனுஷாக்காவை மட்டும் இன்னும் கிட்ட விடுவதில்லை. "ரெண்டு பேரும் நாறுறது ஒரே நண்டுதானேயடி, பிறகேன் உது என்னை மட்டும் கடிக்குது?" என்று கேட்கிறா.

ஒன்று சொல்ல வேண்டும். அம்மா அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்திருந்தாவாம். நீங்கள் விடுதலையாகி வரும் நாளில் சம்மாட்டியைக் கோயில் முற்றத்தில் திறந்துவிடுவதாக. தனுஷாக்கா சொல்லித்தான் அறிந்தேன். அதற்குப் பறக்க இயலாதென்று அம்மாவுக்குத் தெரியாதா? கொடுப்பதற்கு வேறொன்றும் இருந்திருக்காது.

நீங்கள் வாருங்கள். அந்தோனியாரோடு நான் கதைக்கிறேன்.

யூலியானா


02.08.2024

தங்கச்சி,

வழக்கின் அடுத்த தவணை செப்டெம்பர் 26. இந்த முறை தீர்ப்பு வரும் என்கிறார்கள்.

உன் கடிதம் கிடைத்த நாளிலிருந்து நேர்த்தியைப் பற்றி யோசிக்கிறேன். மகன் வந்தால் தருவேன் என்று அம்மா கேட்டா. பதினைந்து வருடம் அந்தோனியார் அசையவில்லை. இந்த முறை முதலில் கொடுப்போம். தவணைக்கு முன் வரும் செவ்வாய்க்கிழமை அவருடைய நாள். அன்று கொண்டுபோய்த் திறந்துவிடு.

ஸ்ரீபன்


முல்லைத்தீவு
13.08.2024

அண்ணா,

அதற்குப் பறக்க இயலாது. கோயில் மதிலில் எப்போதும் காகம். மெழுகுதிரி நூறு கொளுத்துகிறேன். தலைமுடி கொடுக்கிறேன். முழங்காலில் முற்றத்தைச் சுற்றுகிறேன். அதை மட்டும் கேட்காதீர்கள்.

யூலியானா


04.09.2024

தங்கச்சி,

அம்மா வைத்தது தலைமுடியும் அல்ல, மெழுகுதிரியும் அல்ல. கிளி.

பக்கத்துப் பாயில் படுத்தவர் போன மாதம் தன் சாரத்தைக் கிழித்து யன்னல் கம்பியில் கட்டித் தொங்கிவிட்டார். நாற்பத்திரண்டாவது தவணைக்குப் போய் வந்த அன்று. என்னுடையது இது முப்பத்தொன்பதாவது.

நான் உன்னிடம் வேறொன்றும் கேட்டதில்லை.

ஸ்ரீபன்


28.09.2024

அண்ணா,

மொழிபெயர்ப்பாளர் வரவில்லை, தவணை தை பதினாறுக்குப் போய்விட்டது என்பதை நீங்களே கேட்டீர்கள். அதற்கு முன், நீதிமன்றக் கூண்டில் ஏறும்போது, திரும்பி என்னைத் தேடினீர்கள். நான் தலையாட்டினேன். நீங்கள் சிரித்தீர்கள். உங்கள் சிரிப்பை நான் முதல்முறையாகப் பார்த்தேன்.

எப்படி நடந்தது என்று நீங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

செவ்வாய், காலைப் பூசைக்குப் பிறகு. கூட்டில் கொண்டுபோகவில்லை, தோளில் வந்தது. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் சங்கிலித்தாம் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன பிள்ளை, நேர்த்தியோ?"

"ஓம்."

"உதுக்குப் பறக்கேலாது போல கிடக்கு."

"ஓம்."

அவர் விளக்குமாற்றைச் சாத்திவிட்டு உள்ளே போனார்.

கொடிமரத்தடியில் இறக்கினேன். திரும்ப ஏறியது. மறுபடி இறக்கினேன். சட்டையைப் பிடித்து ஏறியது. மூன்றாம் முறை நகங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து வைத்தேன். கடித்திருக்கலாம். கடிக்கவில்லை.

கேற்றடிவரை பின்னால் நடந்து வந்தது. சீமெந்தில் அதன் நகம் உரசுவது கேட்டது. நான் வெளியே வந்து கேற்றைச் சாத்தினேன். அப்போது அது பேசியது. என்ன சொன்னது என்று உங்களுக்கு எழுதமாட்டேன்.

பின்னேரம் போனேன். முற்றம் இரண்டாம் தரம் கூட்டியிருந்தது. விளக்குமாற்றில் ஒரு பச்சை இறகு சிக்கியிருந்தது.

கோபமில்லை அண்ணா. நீங்கள் பயந்தீர்கள், நீங்கள் சாகக்கூடாதென்று நானும் பயந்தேன். கேட்டவர் நீங்கள், செய்தவள் நான். உங்களை இதற்கு மேல் அறிந்துகொள்ள எனக்குத் தைரியமில்லை. தைத் தவணைக்குச் சட்டத்தரணி வருவார். நான் வரமாட்டேன்.

நேற்று கூட்டைக் கழற்றிக் கழுவி வெயிலில் காயவைத்தேன். கோழிக்குஞ்சு விட வேண்டுமென்று தனுஷாக்கா கேட்டா. வேலியால் தூக்கிக் கொடுத்துவிட்டு, வேலைக்குப் போனேன்.

யூலியானா