ஒரே பையில் போட்டுவிட்டேன்

என் பிரியமுள்ள நைனாவுக்கு,

அம்மா தூங்குகிறாள். மத்தியானத் தூக்கம்தான். ஆனாலும் மூன்று முறை எழுந்துபோய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டேன். வேர்வை இல்லை. இதை முடிப்பதற்குள் நான்காவது முறையும் போவேன்.

உன் வியாதிகள் இப்போது அவளுக்கு. சுகர், பிபி, இந்த ஆடியிலிருந்து கிட்னி. சுகருக்குச் சித்தூர் டாக்டர், மஞ்சள் பை. கிட்னிக்குத் திருப்பதி டாக்டர், நீலப் பை. நீ உனக்கு வைத்திருந்தபடியே.

"ஒரு டாக்டர் சீட்ட இன்னொருத்தர்கிட்ட காட்டாத. கோச்சுக்கினு சரியா பாக்க மாட்டாரு" என்பாய். தப்பான பை வந்துவிட்டால் புத்தூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்குத் திரும்பி நடப்பாய். சுகருக்கு என்ன போடுகிறீர்கள் என்று திருப்பதியில் கேட்டால், "ஏதோ சின்ன மாத்திர சார்." அம்மாவுக்குக் கேட்டபோது நாங்களும் அதையே சொன்னோம்.

போன வாரம் புரட்டாசி முதல் சனி. அம்மா விரதம். மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டாள். வேளை தப்பக் கூடாது என்று சொன்னவனும் நீதானே.

பதினொரு மணிக்குச் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். புடவை வேர்வையில் நனைந்திருந்தது. என்னைப் பார்த்து உன் பெயரைச் சொன்னாள்.

சுகர் இறங்கியிருக்கும் என்று சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டாள். "விரதம்டி."

ஃப்ரிட்ஜில் திருமலை லட்டு இருந்தது. உதிர்த்து எடுத்து, "பிரசாதம்மா" என்றேன். வாயைத் திறந்தாள்.

பக்கத்து வீட்டுக் காரில் திருப்பதிக்குப் புறப்பட்டோம். கிளம்பும்போது மஞ்சள் பையை நீலப் பைக்குள் கொட்டினேன். யோசித்துச் செய்யவில்லை. பயம்.

டாக்டர் சித்தூர் சீட்டை எடுத்தார். அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

"கிட்னி வீக்கா இருந்தா இந்த மாத்திரை உடம்புலயே தங்கிடும்மா. சாப்பிடாம வேற போட்டிருக்கீங்க." பேனாவால் ஒரு கோடு போட்டு அடித்தார். வேறொன்று எழுதினார். "அடுத்த தடவையும் எல்லாத்தையும் கொண்டாங்க."

அவ்வளவுதான் நைனா. அவருக்குக் கோபமே வரவில்லை.

உன் கடைசி வருடத்தில் உனக்கும் இப்படி வேர்த்தது. வெயில் என்றாய். நாங்களும் வெயில் என்றோம். உன் மஞ்சள் பையில் இருந்ததும் இதே மாத்திரையா? உன் காரியம் முடிந்த அன்று சீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டோம். இனி யாரிடம் கேட்பது?

நாளை இரண்டாம் சனி. இட்லி சாப்பிடுவாயா என்று காலையில் அம்மாவைக் கேட்டேன்.

"பெருமாளு கோச்சுக்க மாட்டாரா?"

"டாக்டரே கோச்சுக்கல. அவரு கோச்சுக்குவாரா?"

சிரித்தாள். சாப்பிடுகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

நாளைக்கு லீவு போட்டிருக்கிறேன். அவள் இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும்வரை மாத்திரை டப்பா என் மடியில் இருக்கும். திங்கட்கிழமை இதே ஒற்றைப் பையோடு சித்தூருக்கும் போவேன். அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். இத்தனை நாள் மறைத்தது யார் என்று கேட்டால், நான்தான் என்று சொல்வேன். உன்னைச் சொல்ல மாட்டேன்.

நீ பயந்தாங்கொள்ளி என்று கூப்பிட்ட,
உன் மகள்