‘வா’ என்கிற கை

நோட்டன் பிரிட்ஜ்,
19.11.2007

சேசு மரி சூசை

மதிப்புக்குரிய சிவகௌரி டீச்சர் அவர்களுக்கு,

நீங்கள் கும்பிடும் பிள்ளையாரும் நான் கும்பிடும் மாதாவும் கொழும்பில் உங்களைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, மெரினாவின் அம்மா சிசிலி எழுதுவது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான். மீதியைச் செபப் புத்தகத்தைப் பார்த்தும், கடையில் சாமான் சுற்றித் தரும் பேப்பரைப் பார்த்தும் படித்துக்கொண்டேன்.

முதலில் ஒரு பொய்யைச் சொல்லிவிடுகிறேன். மெரினாவுக்கு அம்மை போட்டிருக்கிறது, அதனால் வகுப்புக்கு வரவில்லை என்று உங்களுக்குச் சொல்லி அனுப்பினேன். அம்மை எதுவும் இல்லை. மூன்று சனிக்கிழமையும் அவளை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தியது நான்தான். நீங்கள் அதை நம்பி, உடம்பில் பூசுவதற்கு மருந்துப் போத்தல் ஒன்றும் அனுப்பினீர்கள். அது வந்த பிறகு எனக்குப் பூசையில் நன்மை வாங்கப் போக மனம் இடம் கொடுக்கவில்லை. ஜூலியன் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். அவர், “பொய்க்கு மூணு அருள் நிறைந்த மரியே சொல்லு. எதுக்குப் பொய் சொன்னேன்னு அந்த டீச்சருக்கு நீயே எழுது” என்றார். செபத்தை அன்றைக்கே சொல்லி முடித்தேன். எழுத எட்டு நாளாகிவிட்டது. நேரில் சொல்லலாம்தான். மண்டபத்தில் மற்றப் பிள்ளைகள் முன்னால் நான் அழுதுவிடுவேன்.

மெரினாவை உங்களிடம் முதல் முதல் கூட்டி வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. சனிக்கிழமைகளில் கொழும்பிலிருந்து ஒரு டீச்சர் வந்து, ஹட்டன் மண்டபத்தில் காது கேட்காத பிள்ளை, நடக்க முடியாத பிள்ளை, நல்லாயிருக்கிற பிள்ளை எல்லோரையும் ஒன்றாக வைத்து நடனம் பழக்குகிறார் என்று கோயிலில் சொன்னார்கள். அவளுக்கு அப்போது பதினான்கு வயது. புத்தி ஐந்து வயதுப் பிள்ளைக்கு உள்ளதுதான். பேச்சு என்றால் அம்மா, சோறு, வேணாம். இந்த மூன்றுதான். “இவளுக்கு ஒண்ணும் ஏறாதுங்க டீச்சர்” என்று நான் சொன்னேன். நீங்கள் உங்கள் யாழ்ப்பாணத் தமிழில், “அவவுக்கு விளங்குது அம்மா. எங்களுக்குத்தான் அவவ விளங்கேல்லை” என்றீர்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அதையே எனக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன்.

காது கேட்காத மூன்று பிள்ளைகள் இருந்தபடியால் நீங்கள் எல்லாவற்றையும் கையாலேயே சொல்லிக் கொடுத்தீர்கள். விரலைச் சுழற்றினால் சுற்ற வேண்டும். கையைத் தாழ்த்தினால் உட்கார வேண்டும். வலது கையை முன்னால் நீட்டி உள்ளங்கையைக் காட்டினால் உங்களை நோக்கி ஓடி வர வேண்டும். எதையும் எழுதி வைப்பது என் பழக்கம். கணக்குக் கொப்பியில் அவள் வகுப்புக்கு வந்த நாள் அறுபத்தெட்டு என்று இருக்கிறது. அந்த அறுபத்தெட்டு நாளிலும் உள்ளங்கையைப் பார்த்து அவள் ஓடி வராத நாள் ஒன்றுகூட இல்லை. பெற்றவள் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காதவள், உங்கள் கைக்குக் கட்டுப்பட்டாள். டீச்சர், என்னுடைய பயமே அதுதான்.

போன மாதம் இருபத்தெட்டாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து அணைக்கட்டு வழியாக வந்துகொண்டிருந்தோம். அங்கே எப்போதும் காவல் இருக்கும். எங்கள் முகம் அவர்களுக்குப் பழக்கம், ஒன்றும் கேட்க மாட்டார்கள். அன்றைக்குப் புதிதாக ஒரு ஆமிக்காரர். என் செருப்பு வார் கழன்றுவிட்டது, குனிந்தேன். மெரினா ஒரு இருபது அடி முன்னால் போய்விட்டாள். அவர் நிற்கச் சொல்லி வலது கையை நீட்டி உள்ளங்கையைக் காட்டினார்.

நான் நிமிர்ந்தபோது அவள் ஓடிக்கொண்டிருந்தாள். நீங்கள் பழக்கிய அதே ஓட்டம். இரண்டு கையையும் விரித்து, முகமெல்லாம் சிரிப்பு. அவர் சிங்களத்தில் கத்தினார். அவள் நிற்கவில்லை. அவர் இரண்டு எட்டுப் பின்னால் போய்த் துப்பாக்கியைத் தோளுக்குத் தூக்கினார். எனக்குச் சத்தம் வரவில்லை, டீச்சர். மாதாவே என்றுகூட வாயில் வரவில்லை. எங்கள் தோட்டத்து லொறியில் வேலை செய்யும் கந்தப்பன் அண்ணன் பின்னால் வந்துகொண்டிருந்தார். அவர்தான், “மாத்தயா, ஏ லமயாட்ட தேரென்னே நே” என்று அலறினார். அந்தப் பிள்ளைக்கு விளங்காது ஐயா என்று அர்த்தம்.

துப்பாக்கி கீழே இறங்கியது. மெரினா அவர் முன்னால் போய் நின்று, வகுப்பில் செய்கிற மாதிரி தலையைக் குனிந்து வணக்கம் வைத்தாள். அந்த ஆமிக்காரருக்கு இருபது வயதுகூட இருக்காது. உதடெல்லாம் வெளுத்துப்போய், கந்தப்பன் அண்ணனிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். கோபக்காரராக இருந்திருந்தால் கெஞ்சி ஆற்றியிருக்கலாம். அவர் என்னைவிடப் பயந்துபோயிருந்தார். பயந்தவர் கையில் துப்பாக்கி இருந்தால் யார் என்ன செய்ய முடியும்? வழியில் கந்தப்பன் அண்ணன், “தங்கச்சி, இனிமே இவளை ஒங் கையில கட்டிக்கிட்டுப் போ. ஒவ்வொரு வாட்டியும் நான் பின்னால வரமாட்டேன்” என்றார். வீட்டுக்கு வந்ததும் மெரினா அவள் அப்பாவிடம் உள்ளங்கையை நீட்டிக் காட்டிக் கைதட்டினாள். சரியாகச் செய்துவிட்டாளாம். அதற்காகத் தேத்தண்ணிக்குச் சீனி அதிகம் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

அன்றையிலிருந்து என் வீட்டுக்காரர், “ஆட்டமும் வேணாம், கொழும்பும் வேணாம்” என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். நான் மூலையில் உட்கார்ந்து அழுதபோது, “படிச்சதைப் பிழையில்லாம செஞ்சதுக்கு அழுவுற ஆத்தா ஒலகத்துல நீ ஒருத்திதான்” என்று சொல்லிவிட்டு, அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் தேயிலை ஸ்டோருக்கு வேலைக்குப் போனார்.

நீங்கள் அனுப்பிய சம்மதப் பத்திரம் கிடைத்தது. இருபத்தொன்பதாம் திகதி வான் வரும், டிசம்பர் மூன்றாம் திகதி கொழும்பில் மேடை என்று எழுதியிருக்கிறீர்கள். முதலாவதாக ஓடி வருவது மெரினாதான், அவளைப் பார்த்துத்தான் மற்றப் பிள்ளைகள் தொடங்குவார்கள், அவள் வராவிட்டால் தொடக்கமே இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கந்தப்பன் அண்ணனிடம் கேட்டுக் கொப்பியில் குறித்தேன். இங்கிருந்து கொழும்பு போய்ச் சேருமுன் வண்டியை மறிக்கிற இடம் பதினொன்று. கொழும்புக்குள்ளே எத்தனை என்று கேட்டதற்கு, அதை எண்ணி முடியாது என்றார். எல்லா இடத்திலும் கையைத்தான் காட்டுவார்கள். அவளுக்கு இன்னும் அடையாள அட்டையும் வரவில்லை. இறக்கி நிறுத்தி விசாரித்தால் பெயரைக்கூடச் சொல்லத் தெரியாது.

அனுப்பாமல் இருந்துவிடலாம் என்றுதான் மூன்று வாரம் இருந்தேன். சனிக்கிழமை என்று அவளுக்கு யார் சொல்கிறார்களோ தெரியாது. விடியக் காலையில் எழும்பி, வகுப்புக்குப் போடும் நீலச் சட்டையை முன்பின் மாற்றிப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பாள். பஸ் போன சத்தம் கேட்டதும் உள்ளே வந்து தன் கையைக் கடிப்பாள். உங்களிடம் வருமுன் அப்படித்தான் கடித்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை வருசமாக விட்டிருந்தாள். இப்போது மணிக்கட்டில் புண். உங்கள் மருந்தை அதில்தான் பூசுகிறேன்.

அதனால் நானே பழக்கிப் பார்ப்போம் என்று இறங்கினேன். எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் அவளைத் தூரத்தில் நிறுத்தி, உள்ளங்கையைக் காட்டி, “நில்லு” என்றேன். ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். முதல் நாள் இருபது தடவை காட்டினேன், இருபது தடவையும் ஓடி வந்தாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் கல் மனசாக்கிக்கொண்டு, ஓடி வந்தவளைத் தள்ளிவிட்டேன். கொஞ்சம் பலமாகத் தள்ளிவிட்டேன். முழங்கால் தேய்ந்து இரத்தம் வந்தது. அவள் அழவில்லை. எழும்பி, என் முகத்தைப் பார்த்தாள். ஏதோ பிழை விட்டுவிட்டோம் என்று நினைத்திருக்க வேண்டும். திரும்பி நடந்து, தொடங்கிய இடத்துக்கே போய், கையை ஒழுங்காக வைத்துக்கொண்டு, அடுத்த தடவை நான் எப்போது காட்டுவேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு அவளுக்கு முன்னால் அந்தக் கையைத் தூக்க எனக்குத் தைரியமில்லை.

சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் பார்த்தார், முத்திரைக்குக் காசு எடுத்துத் தந்தார். வருகிற சனிக்கிழமை அவளைக் கூட்டி வருவேன். அதற்குள் இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைத்துவிட வேண்டும் என்று இன்றைக்கே தபாலில் சேர்க்கிறேன்.

டீச்சர், நடனத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல எனக்கு அறிவு கிடையாது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். வா என்பதற்கு அந்தக் கை வேண்டாம். இரண்டு கையையும் அகலமாக விரித்துக் கூப்பிடுங்கள். துப்பாக்கி பிடித்தவர் யாரும் அப்படிக் கூப்பிட முடியாது. அந்தப் பழைய கைக்கு நிற்க வேண்டும் என்று மாற்றிப் பழக்குங்கள். நான் சொன்னால் கேட்காதவள், நீங்கள் காட்டினால் கேட்பாள்.

ஒன்றரை வருசம் பழகியதைப் பத்து நாளில் மறப்பாளா, எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் பெற்ற பிள்ளையாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று எழுத வந்தேன், எழுதவில்லை. உங்களுக்கு முப்பது பிள்ளைகளைப் பார்க்க இருக்கிறது. மேடையில் அவள் பாட்டுக்கு ஓடட்டும். மேடையை விட்டு இறங்கிய பிறகு, வண்டியிலும் ரோட்டிலும் கடை வாசலிலும், யார் என்ன கேட்டாலும், ஒரு நிமிசம்தானே என்று தோன்றினாலும், அவள் கையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்களை நம்பியிருக்கும்
ஜோ. சிசிலி
(மெரினாவின் அம்மா)