ஏனுங்க, வீடு இல்லீங்க, ஊடு

இன்று மத்தியானம் மூடுபனி வந்து ஜன்னலை அடைத்துக்கொண்டது. கீழ்க்கடையில் மிளகு மூட்டையைப் பிரித்திருப்பார்கள் போல, அறை முழுக்கக் காரநெடி. தும்மிக்கொண்டே டைப் அடித்தேன். திரையில் நீ பேசினாய்.

நீ போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது.

ஏற்காட்டு விடுதிகளுக்கு நாம் இருவரும் செய்த வெப்சைட்தான். ஒவ்வொரு விடுதிக்கும் தனித்தனியாகப் புரோகிராம் எழுதி, ஓரிடத்தில் திருத்தினால் நாலு இடத்தில் உடைத்துக்கொண்டிருந்தேன். நீதான் எல்லாவற்றுக்கும் பொது அச்சு மாதிரி ஒரே கிளாஸ் எழுதினாய். அறை, சாவி, தங்க வருகிறவர் பெயர், எல்லாம் அதற்குள். நாகலூர் காட்டேஜும் மாரமங்கலம் பங்களாவும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். உன் ஊர்ப் பேச்சில் வீட்டைச் சொல்கிறபடி அதற்கு 'ஊடு' என்று பெயர் வைத்தாய். மெட்ராஸ்காரி நான், 'வீடு' என்றே அடிப்பேன். சைட் அப்படியே நின்றுவிடும்.

ஒருநாள் பிழைச் செய்தி வரும் இடத்தில், "ஏனுங்க, வீடு இல்லீங்க, ஊடு" என்று வந்தது. கேலி பண்ணும்போது மட்டும்தான் எனக்கு 'ங்க' போடுவாய். திரும்பினால், பக்கத்து நாற்காலியில் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாய். அன்றிலிருந்து எத்தனையாவது தப்பு என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் எழுதியிருப்பதாகச் சொன்னாய். பதில்கள் இருக்கும் ஊடு ஃபைலைத் திறக்கக் கூடாது என்று சத்தியமும் வாங்கினாய். இரண்டாவது தடவை, "மறுபடியுமா சாமி?" அதற்கப்புறம் நான் அடிக்கும் முன்பே கையைத் தட்டிவிடுவாய். மூன்றாவது தப்பு நடக்கவே இல்லை.

விடுதிக்காரர்கள் புது வெப்சைட் கேட்கிறார்கள். பழையதை இன்றே அழித்துவிடச் சொன்னார்கள். அழிக்கும் முன் கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்க்க உட்கார்ந்தேன். கை தானாக 'வீடு' என்று அடித்தது.

"மூணாவது தடவையா? அப்ப நான் பக்கத்துல இல்லீங்களா?"

உன் நாற்காலியைப் பார்த்தேன். அது என் பக்கம் திரும்பியிருந்தது. காலையில் கூட்டும்போது சுவரைப் பார்க்கத்தான் போட்டிருந்தேன். பயந்துதான் போனேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் எழுந்து போக மனசு வரவில்லை. உன்னை அவ்வளவு தேடுகிறது எனக்கு.

மற்ற எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். ஊடு இருக்கும் ஃபைலை மட்டும் புது சைட்டுக்குள் கொண்டுபோய் வைத்தேன். இனி வரும் விடுதிகளும் அதிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். சத்தியம் செய்தபடி திறந்து பார்க்கவில்லை.

நாலாவது தடவை அடித்துப் பார்க்கலாம்தான். கை வரவில்லை. அதற்கு நீ பதில் எழுதாமல் போயிருந்தால்?